லாஜிஸ்டிக்ஸ் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: நான் தமிழ் வழியில் படித்தவன். பிறருடைய சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டிங் அலுவலகம் ஒன்றில் டாக்குமென்டேஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வரும் மெயில் எல்லாம் ஆங்கிலம், அதிலும் பாதி வெறும் முதலெழுத்துகள். 'மூன்றே மாதத்தில் ஆயிரம் ஷிப்பிங் சொற்கள், சர்வதேசச் சான்றிதழ், வெளிநாட்டுத் துறைமுகத்தில் வேலை' என்று ஒரு பயிற்சி மையத்தில் கூப்பிடுகிறார்கள். சேரலாமா? வேண்டாம் என்றால் எந்தச் சொற்களிலிருந்து ஆரம்பிப்பது? போனில் பேசவும் பயமாக இருக்கிறது.

பதில்: சேர வேண்டாம். உங்களுக்கு வேண்டிய பாடப்புத்தகம் அலுவலக அலமாரியிலேயே இருக்கிறது. வேலை முடிந்துபோன பழைய ஃபைல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் பில் ஆஃப் லேடிங் மூன்றும் இருக்கும். இந்த மூன்று தாளிலும் உள்ள கட்டங்களின் தலைப்புகள் புரிந்துவிட்டால், உங்களுக்கு வரும் மெயில்களில் பெரும்பாலானவை தானாகவே பிடிபடும். ஆயிரம் சொல்லுக்குக் கணக்குக் காட்ட அந்த மையத்தில் கப்பலின் பாகங்களை எல்லாம் ஒப்பிக்க வைப்பார்கள். டாக்குமென்டேஷன் மேசைக்கு நங்கூரச் சங்கிலியைப் பற்றி யாரும் மெயில் போடப் போவதில்லை.

பில் ஆஃப் லேடிங்கை முதலில் எடுங்கள். மேலே ஷிப்பர், அதாவது சரக்கை அனுப்புகிறவர். அடுத்து கன்சைனி, சரக்கைப் பெற உரிமை உள்ளவர். அதற்கும் கீழே நோட்டிஃபை பார்ட்டி. கப்பல் வருகிறது என்று இவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் பெயர் இருப்பதாலேயே சரக்கு அவருடையது ஆகிவிடாது. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு கட்டங்களில்தான். கன்சைனி இடத்தில் பெயர் இல்லாமல் 'டு ஆர்டர்' என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரிஜினல் தாளின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு யாருக்குக் கொடுக்கிறார்களோ, சரக்கும் அவருக்குப் போகும். அந்தத் தாளைப் பணம் மாதிரி பூட்டி வையுங்கள்.

ஃப்ரெய்ட் ப்ரீபெய்ட் என்றால் கப்பல் வாடகையைப் புறப்படும் இடத்தில் கட்டுகிறார்கள். கலெக்ட் என்றால் சேரும் இடத்தில் வசூல். இதைத் தப்பாக அடித்துவிட்டால் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, பள்ளியிலேயே படித்த சொற்கள், இங்கே வேறு வேலை பார்ப்பவை. 'க்ளீன்' பில் என்றால் பெட்டி உடைந்திருக்கிறது, மூட்டை நனைந்திருக்கிறது என்பது போன்ற குறிப்பு எதுவும் அதில் இல்லை. 'சரண்டர்' என்றால் ஒரிஜினல் தாளைப் புறப்படும் ஊரிலேயே ஒப்படைத்தாயிற்று, சேரும் ஊரில் ஒரிஜினல் கேட்காமலே சரக்கை விடலாம். சரக்குக்குப் பணம் வந்துவிட்டதா என்று பார்க்காமல் இதற்குச் சம்மதம் சொல்லக் கூடாது. உங்கள் மேலதிகாரியைக் கேளுங்கள். 'ரோல் ஓவர்' என்றால் உங்கள் கன்டெய்னரை ஏற்றாமல் கப்பல் போய்விட்டது, அடுத்த கப்பலில் வரும். மன்னிப்புக் கேட்காமல் மன்னிப்புக் கேட்பதற்கு கப்பல் கம்பெனிகள் கண்டுபிடித்த சொல் அது.

முதலெழுத்துகள் பயமுறுத்துவது முதல் வாரம்தான். 'கைண்ட்லி சப்மிட் எஸ்ஐ அண்ட் விஜிஎம் பிஃபோர் கட்-ஆஃப்' என்று ஒரு மெயில் வருகிறது. எஸ்ஐ என்பது ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்: பில் ஆஃப் லேடிங்கில் என்னென்ன அச்சாக வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது. விஜிஎம் என்பது சரிபார்த்த மொத்த எடை: சரக்கு, பேக்கிங், காலி கன்டெய்னர் எல்லாம் சேர்த்து. 2016 ஜூலை 1 முதல் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி இந்த எடையைக் கொடுக்காத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. கட்-ஆஃப் என்பது கடைசி நேரம். ஆக, அந்த மெயிலில் நீங்கள் முதலில் தேட வேண்டியது கட்-ஆஃப் தேதியும் மணியும். ஈடிடி, ஈடிஏ இரண்டும் புறப்படும், சேரும் உத்தேச நேரங்கள். உத்தேசம் என்பதை வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுங்கள்.

இனி பணம் பிடுங்கும் சொற்கள். கன்டெய்னர் இறங்கிய பிறகு சில நாட்கள் இலவசம், அது ஃப்ரீ டேஸ். அதைத் தாண்டியும் துறைமுக டெர்மினலுக்குள்ளேயே கிடந்தால் கட்டும் பணம் டெமரேஜ். வெளியே எடுத்துப் போய்க் காலிப் பெட்டியைத் திருப்பித் தரத் தாமதித்தால் டிடென்ஷன். சில கம்பெனிகளில் இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காகப் போடுகிறார்கள். ஒரே கட்டணத்துக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பெயர். குழப்பத்தில் காசு இருக்கும்போது தெளிவாக எழுத யார் முன்வருவார்கள்? அதனால் பெயரைப் பார்த்து ஏமாறாமல், எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை, நாளுக்கு எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

எஃப்ஓபி, சிஐஎஃப் போன்றவை இன்கோடெர்ம்ஸ், அதாவது எந்தச் செலவும் பொறுப்பும் விற்பவருக்கு, எது வாங்குபவருக்கு என்று பிரிக்கும் சொற்கள். சர்வதேச வணிகச் சபை 2020 பதிப்பில் 11 சொற்கள் வைத்திருக்கிறது. உலகமே பின்பற்றும் விதியின் முழு வாசகத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பது தனி வேடிக்கை. உங்களுக்கு இப்போதைக்கு நான்கைந்து போதும். ஆனால் சிஐஎஃப் என்பதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். சேரும் துறைமுகம் வரை வாடகையும் இன்சூரன்ஸும் விற்பவர் செலவு. ஆனால் சேதத்துக்கான பொறுப்பு, புறப்படும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதுமே வாங்குபவருக்குப் போய்விடுகிறது. அந்த இன்சூரன்ஸும், வேறு பேச்சு இல்லையென்றால், குறைந்தபட்ச வகைதான்.

இதில்தான் இடைத்தரகர்கள் விளையாடுகிறார்கள். பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் ஏற்றும் எல்சிஎல்லில், வாடகை அநேகமாக ஒன்றுமே இல்லை என்று விற்பவருக்கு விலை சொல்வார்கள். அவர் மகிழ்ந்து சிஐஎஃப் என்று விற்றுவிடுவார். சரக்கு போய்ச் சேர்ந்ததும் அங்கே இருக்கும் ஏஜென்ட், ஹேண்ட்லிங், டெலிவரி ஆர்டர், டாக்குமென்ட் ஃபீ என்று வாங்குபவரிடம் பல மடங்கு கறந்துவிடுவார். விட்ட வாடகை அங்கே வசூலாகும். வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வந்தால், 'டெஸ்டினேஷன் சார்ஜஸ்' முழுப் பட்டியலையும் சரக்கு புறப்படும் முன்பே கேட்டு வாங்குங்கள். பட்டியல் தரத் தயங்குகிறவரிடம் சரக்கைக் கொடுக்காதீர்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரே ஒரு விலக்கு உண்டு, அது கடலுக்குப் போகிறவர்களுக்கு. கப்பலைச் செலுத்தும் டெக் ஆபீசராக வேண்டுமானால், எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச ஒப்பந்தப்படி குறிப்பிட்ட ஆங்கிலத் திறன் கட்டாயம். அதற்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் நிலையான சொற்றொடர்த் தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதன்படி ரேடியோவில் பேசும்போது, சொல்லப்போவது எச்சரிக்கையா, கேள்வியா, அறிவுரையா என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசலாம். நூற்றைம்பது என்று சொல்லாமல் ஒன், ஃபைவ், ஸீரோ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். காது கேட்காத இரைச்சலில், வேறு வேறு தாய்மொழிக்காரர்களுக்கு நடுவே, அது உயிர் காக்கும் ஒழுங்கு. பயிற்சி மையத்தார் இந்தக் கட்டாயத்தைத்தான் எடுத்து, மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் உங்களுக்கும் வேண்டும் என்று விற்கிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம். அந்த வெளிநாட்டு வேலை ஆசைக்கும் ஒரு வார்த்தை: கப்பல் வேலையில் சேர்த்துவிட மாலுமிகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே சொல்கிறது. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் போன்றவற்றின் செலவு மட்டும் விலக்கு. வேலைக்கு முன்பணம் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

போன் பயத்துக்கு வருகிறேன். எதிர்முனையில் இருப்பவருக்கும் பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. உங்கள் இலக்கணத்தை யாரும் எடை போடவில்லை. கன்டெய்னர் நம்பர் சரியாகக் காதில் விழுந்தால் போதும். அது நான்கு எழுத்து, ஏழு இலக்கம். எழுத்துகளை ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ, சி-க்கு சார்லி என்ற முறையில் சொல்லிப் பழகுங்கள். பி, டி இரண்டும் போனில் ஒன்றாகவே கேட்கும். ஏழாவது இலக்கம் மற்றவற்றை வைத்துக் கணக்குப் போட்டு வருவது, அதனால் ஒரு எழுத்து மாறினாலும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் பிடித்துவிடும். பேசி முடித்த கையோடு, 'ஆஸ் டிஸ்கஸ்ட் ஓவர் ஃபோன்' என்று ஆரம்பித்து, ஒப்புக்கொண்டதை இரண்டு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள். மறுமுனையில் தப்பாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், கட்-ஆஃபுக்கு முன் திருத்தவும் நேரம் இருக்கும்.