உடற்கூறியல் கற்பிப்போர்க்குக் கேள்வி பதில்

இராமநாதபுரம் கடலோரத்தில் செவிலியர், இயன்முறை மருத்துவ மாணவர்களுக்குப் பல்லாண்டு உடற்கூறியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை பதிலளிக்கிறார்.

மண்டபம்: கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளின் தொகுப்பான தோள் நரம்புப் பின்னலை எத்தனை முறை விளக்கினாலும் மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள், அம்மா.

விளக்குவதை நிறுத்திவிட்டு, பின்னச் சொல்லுங்கள். வலைக் கடையில் கிடைக்கும், முறுக்கைப் பிரித்தால் இழையாகும் நைலான் கயிற்றில் ஆளுக்கு ஐந்து துண்டுகள் போதும். கழுத்தின் ஐந்தாம் நரம்பு முதல் மார்பின் முதல் நரம்பு வரை வேர்கள் ஐந்து. மேலிரண்டு சேர்ந்து ஒரு தண்டு, நடுவிலுள்ளது தனித் தண்டு, கீழிரண்டு சேர்ந்து ஒரு தண்டு. மூன்று தண்டுகளும் முன்னும் பின்னுமாகப் பிரிந்து, பின்பிரிவுகள் மூன்றும் ஒரே வடமாகச் சேர்வதைக் கை உணரும்போதுதான், முழங்கையையும் மணிக்கட்டையும் நீட்டும் தசைகளுக்கு ஏன் ஒரே நரம்பு போகிறது என்பது புலப்படும். வலை பின்னும் வீட்டுப் பிள்ளைகள் இதில் என்னையே முந்தியிருக்கிறார்கள். மறுவாரம் புத்தகம் பாராமல் மீண்டும் பின்னச் சொல்லுங்கள். நினைவில் நிற்பது அந்த இரண்டாம் முறைதான்.

கீழக்கரை: 206 எலும்புகளின் பெயரையும் மனப்பாடம் செய்விக்க எளிய வழி உண்டா?

தொட்டுணரக்கூடிய எலும்புகளிலிருந்து தொடங்குங்கள்.

தேவிபட்டினம்: பிட்டத்தில் ஊசி போடும் இடத்தைச் சரியாகச் சொல்லும் மாணவிகள், நோயாளியிடம் தவறிவிடுகிறார்கள்.

"மேல் வெளிக் கால்பகுதி" என்று ஒப்பிக்கும் மாணவி, சதை திரண்ட இடத்தை மட்டும் நான்காகப் பிரிப்பதால், ஊசி கீழே இறங்கி, காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பை நெருங்குகிறது. பிட்டத்தின் மேல் எல்லை இடுப்பெலும்பின் விளிம்பு. அந்த விளிம்பை முதலில் தன் இடுப்பிலும், பிறகு சம்மதிக்கும் தோழியின் இடுப்பிலும் விரலால் தடவிக் கண்டுபிடித்தபின்பே கோடு போட வேண்டும். வலம் இடம் சொல்லும்போது நோயாளியின் வலத்தையே சொல்ல வேண்டும், பார்ப்பவரின் வலத்தை அன்று.

தொண்டி: கைபேசியில் முப்பரிமாணச் செயலி இருக்க, உடலைக் கூறிட்டுப் பார்ப்பது எதற்கு?

செயலியில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். பதப்படுத்திய உடலில் மூன்றும் ஏறத்தாழ ஒரே வெளிறிய நிறம். அவற்றை விரல்தான் பிரித்தறிய வேண்டும். காதின் உட்பகுதிபோல் கையில் எடுத்துப் பார்க்க முடியாதவற்றுக்குச் செயலி நல்ல துணை.

தொண்டி (மீண்டும்): செவிலியர் பயிற்சிப் பள்ளிகளுக்கு உடல் எங்கே கிடைக்கிறது? வசதியுள்ள கல்லூரியை வைத்துப் பேசுகிறீர்கள்.

நியாயமான கோபம். உடல் இல்லையென்றால் கறிக்கடைக்குப் போங்கள். இரத்தக் குழாய்களை ஒட்ட வெட்டாமல் ஆட்டு இதயம் கேளுங்கள். விரலால் அழுத்தினால் தடித்து நிற்கும் பக்கம் இடது கீழறை. இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயான மகாதமனிக்குள் மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் வால்வு மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்குவதைப் பார்த்த மாணவருக்கு, இரத்தம் ஏன் திரும்பி வராது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இராமேஸ்வரம்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆட்டைக் காட்டி மனித உடலைக் கற்பிப்பது பிழையில்லையா?

இதயம் அமர்ந்திருக்கும் நிலையைக் கற்பித்தால் பிழை. நான்கு அறைகளையும் வால்வுகளையும் கற்பித்தால் பிழையில்லை. ஆளுக்கு ஆள் உடல் மாறும் என்பதைக் காட்ட ஆடும் வேண்டாம், செயலியும் வேண்டாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு நடுவில் ஒரு தசைநாண் எழும், சிலருக்கு அது பிறவியிலேயே இராது. செயலியில் அது எல்லோருக்கும் இருக்கிறது, தொண்டி நண்பரே.

பாம்பன்: உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நெடியால் தலைவலி வருகிறது.

ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. காற்றோட்டத்துக்கு ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடமும், தலைவலிக்கு மருத்துவரிடமும் செல்லுங்கள்.

ஏர்வாடி: எலும்புப் பெயர்களை மனப்பாடம் செய்ய ஏதேனும் பாட்டு?

கீழக்கரைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வாலிநோக்கம்: மாணவர் வரையும் இதயப் படத்தில் எது வலப்பக்கம்?

நோயாளியின் வலம். தேவிபட்டினத்துக்கே சொல்லிவிட்டேன்.