படி ஏற முடியாத அம்மாவுக்குத் தரைத்தளமா?

கேள்வி: எனக்கு வயது 34. தனியார் கம்பெனி வேலை, மனைவி பள்ளி ஆசிரியை. முதல் முறையாகச் சொந்த வீடு வாங்கப்போகிறோம். முடிச்சூர் பக்கம் 12 வருடப் பழைய ஃபிளாட், தரைத்தளம், 58 லட்சம். கையில் 18 லட்சம் இருக்கிறது. வட்டி குறைந்திருப்பதால் இப்போதே வாங்கலாமா, விலை இறங்கும்வரை பொறுக்கலாமா? பேங்கில் 1.9 லட்சத்துக்கு ஒரு இன்சூரன்ஸைக் கடனோடு சேர்க்கிறார்கள், அதனால் வீட்டுக்கும் பயமில்லை. 2015-ல் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததாம், அப்புறம் பிரச்னை இல்லை என்கிறார் புரோக்கர். அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது, அதனால்தான் தரைத்தளம் பார்த்தோம். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாம்பரம்)

பதில்: தம்பி, விலையும் வட்டியும் அப்புறம். இடுப்பளவு தண்ணீர் வந்த வீட்டையும் படி ஏற முடியாத அம்மாவையும் அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள், எழுதும்போது உங்களுக்கு உறைக்கவே இல்லையா?

2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி அடையாறு கரை புரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஜனங்கள் மொட்டைமாடியில் நின்றுதான் உயிர் பிழைத்தார்கள், படகு வைத்து மீட்டார்கள். மாடி ஏற முடிந்தவர்களின் கதை அது. நீங்களும் மனைவியும் வேலைக்குப் போன பகலில் தண்ணீர் ஏறினால் உங்கள் அம்மா யாரைக் கூப்பிடுவார்? தினமும் படி ஏறவேண்டாமே என்று நினைத்தது நல்ல மனசுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெற்றவளைக் கூட வைத்துக்கொள்வது என்றால் அவர் உயிருக்கும் சேர்த்துப் பொறுப்பேற்பது. அந்தப் பொறுப்பைப் புரோக்கர் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிட்டீர்கள், எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

புரோக்கர் சொல்வதையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர் பக்கம் மறுபடியும் தண்ணீர் நின்றது. அந்தத் தெருவில் நின்றதா என்று அந்தத் தெருக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். பக்கத்துத் தரைத்தள வீட்டில் கேளுங்கள், முனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேளுங்கள், அவர்களுக்குக் கமிஷன் கிடையாது. வீட்டுக்குள் போனால் சமையலறை அலமாரியின் அடிப்பலகையைத் தொட்டுப் பாருங்கள், ஊறிப் பொருமியிருக்கும். சுவரில் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயிண்ட், ஈபி மீட்டர் மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி மாட்டியிருப்பது, வாசலில் செங்கல் வைத்துப் பூசிய புதுத் தடுப்பு, இதெல்லாம் கண்ணில் பட்டால் புரோக்கரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். கையெழுத்துப் போடும் முன்னால் அந்தக் காகிதத்தைப் படித்தீர்களா? கடனோடு சேர்த்து லட்சக்கணக்கில் ஒரே தவணையாகப் போடுவது பெரும்பாலும் உயிருக்கான பாலிசி. கடன் வாங்கியவர் இறந்துபோனால் பாக்கிக் கடனை அடைக்கும், அவ்வளவுதான். வெள்ளத்தில் வீடு கெட்டால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. அந்த 1.9 லட்சத்துக்கும் சேர்த்துக் கடன் முடியும்வரை வட்டி கட்டுவீர்கள். சம்பாதிக்கிற பிள்ளைக்கு உயிர் பாலிசி கட்டாயம் வேண்டும், ஆனால் தனியாக ஒரு டெர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட வருடங்களுக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி, என்ன விலை என்று விசாரித்துவிட்டு முடிவு பண்ணுங்கள். அவர்கள் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று பேங்க் கட்டாயப்படுத்த முடியாது.

வீட்டுக்கென்று இருப்பது வேறு. பாரத் கிருஹ ரக்ஷா என்று 2021 ஏப்ரலிலிருந்து உயிர்க்காப்பீடு அல்லாத பொதுக் காப்பீட்டு கம்பெனிகள் எல்லாம் ஒரே மாதிரி விற்கும் பாலிசி அது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதற்குள்ளேயே வரும். கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகச் சேரும், நகைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். 58 லட்சத்துக்குப் போடாதீர்கள். மனை விலைக்குக் காப்பீடு கிடையாது, அதே சதுர அடியை இன்று திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அதுதான் கணக்கு. வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிகிற விஷயம். எந்த மாடியில் வாங்கினாலும் எடுங்கள். ஆனால் பாலிசி இருக்கிறது என்ற தைரியத்தில் அம்மாவைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள், அது கெட்டுப்போன சுவருக்கும் சாமானுக்கும் பணம் தருமே தவிர அவரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகாது.

விலை இறங்குமா என்று கேட்டீர்கள். குடியிருக்க வாங்குகிறவர் அதற்காகக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேங்குகளுக்குத் தான் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி 2025-ல் 6.5-லிருந்து 5.25 சதவீதமாக இறக்கியது உண்மை. அதே வட்டி 2022 மே தொடக்கத்தில் 4 ஆக இருந்து 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனதும் உண்மை. ஃப்ளோட்டிங் வட்டியில், அதாவது ஏறி இறங்கும் வட்டியில், கடன் வாங்கினால் அந்த ஏற்றமும் உங்கள் தலையில்தான். இன்றைய இஎம்ஐயோடு இன்னும் சில ஆயிரம் கூடினாலும் வீட்டுச்செலவு ஓடுமா என்று மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள்.

கைக்காசையும் எண்ணுங்கள். இந்த அளவுக் கடனுக்குப் பேங்க் வீட்டு விலையில் 80 சதவீதத்துக்கு மேல் தராது, ஆக உங்கள் பங்கு 11.6 லட்சம். பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 5.2 லட்சம், அதையும் நீங்கள்தான் போட வேண்டும். 18 லட்சத்தில் மீதி ஒரு லட்சத்துச் சொச்சம். அதில் புரோக்கர் கமிஷனும் போன பிறகு அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்ன செய்வீர்கள்?

அட்வான்ஸ் கொடுத்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். கொடுக்காதீர்கள். மேடான இடத்தில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில், முதல் மாடியோ இரண்டாம் மாடியோ தேடுங்கள், சதுர அடி குறைந்தாலும் பரவாயில்லை. மழை நாளில் கரண்ட் போய் லிஃப்ட் நின்றாலும் மேலே இருப்பவர் அவர் கட்டிலிலேயே இருக்கலாம். அடுத்த வீடு பார்க்கப் போகும்போது அம்மாவையும் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். எந்த வீட்டில் இருக்கப் பிடித்திருக்கிறது என்று இதுவரை அவரை நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.