திருகோணமலைக்கு இடமாற்றமாகி வரும் கத்தோலிக்கக் குடும்பம் பங்கோடு எப்படிச் சேர்வது? ஒக்டோபர் முதல் தை வரை கோயில்களில் என்ன நடக்கும்?

அட்டனிலிருந்து மாற்றலாகி வருகிறோம், மனைவியும் 10, 7 வயதில் இரண்டு பிள்ளைகளும், ஊரில் ஒருவரையும் தெரியாது, ஞாயிறு பூசையோடு நிற்பதா, வேறு ஏதும் செய்ய வேண்டுமா, புது ஆட்களை ஒதுக்குவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

ஒதுக்க மாட்டார்கள். ஆனால் தேடி வந்து கூப்பிடவும் மாட்டார்கள். நான் மன்னாரிலிருந்து கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்து 15 வருசமாகிறது. முதல் ஏழெட்டு மாதம் ஞாயிறு தவறாமல் காலைப் பூசைக்குப் போனேன். வலப்பக்கம், நான்காவது வாங்கு. பூசை முடிந்ததும் சனம் கோயில் வாசலில் கூட்டம் கூட்டமாக நின்று கதைக்கும். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். திமிர் பிடித்த பெண் என்று அவர்கள் நினைத்திருந்தார்களாம். பிறகு சொன்னார்கள். நானும் அவர்களைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பூசை ஊருக்குப் பொது. ஆட்களோடு சேர வேண்டும் என்றால் அன்பியத்துக்குத்தான் போக வேண்டும். அட்டனில் உங்கள் பங்கில் இது எந்த அளவுக்கு நடந்ததோ தெரியாது, இங்கே பங்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகளை ஒரு வட்டமாகச் சேர்த்து, ஒரு புனிதரின் பெயரை வைத்து, மாதத்தில் ஒரு நாள் யாராவது வீட்டில் கூடி வேதாகமம் வாசித்து செபிப்பார்கள். யாருக்கு ஒப்பரேசன், யார் வீட்டில் சாவு, எந்தப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கக் காசில்லை என்பதெல்லாம் பங்குத்தந்தைக்குப் போவது அந்த வழியில்தான். வீடு வாடகைக்கு எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ‘இந்த ஒழுங்கை எந்த அன்பியம்?’ என்று விசாரிப்பது. பங்குமனைக்குப் போய் பாதரிடம் கேட்கலாம். அதைவிட, பூசை முடிய பீடத்துப் பூச்சாடிகளைக் கழுவிக்கொண்டு நிற்கும் அம்மாமாரிடம் கேட்டால் பதில் சீக்கிரம் வரும். (உங்கள் வயதுக்காரர் ‘பாதர்’ என்பார்கள். அந்த அம்மாமார் ‘சுவாமி’ என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒருவரே.)

நீங்கள் வரும் நேரமும் நல்ல நேரம். ஒக்டோபர் செபமாலை மாதம். ஒவ்வொரு பின்னேரமும் மாதா சுருவத்தை (சிலையை) வீடு வீடாகக் கொண்டுபோய், ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் செபமாலை சொல்வார்கள். புது வீட்டுக்காரர் என்றால் உங்களுக்கும் ஒரு நாள் தருவார்கள். ‘இன்னும் சாமானே அடுக்கவில்லை’ என்று மறுத்துவிடாதீர்கள்.

எனக்குக் கிடைத்த முதல் நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அனெக்ஸ் வீடு, ஒரு ஹோல், ஒரு அறை. 15 பேர் வருவார்கள் என்று நினைத்து அவ்வளவு பேருக்கு வடை சுட்டு வைத்தேன். மாதா வாசலுக்கு வரும்போது பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 40 பேருக்குக் குறையாது. பாய் விரித்த இடம் போதாமல் முற்றத்தில் இருந்தார்கள், பெடியங்கள் மதிலில் ஏறி இருந்தார்கள். செபமாலையில் மூன்றாம் பத்து மணி போய்க்கொண்டிருக்கும்போது நான் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லவில்லை, மனதுக்குள் கப் எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தது மொத்தம் எட்டு. மெதுவாக எழும்பிக் குசினிப் பக்கம் போனால், பின் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது. அவர்கள் சைவம். அதுவரை ஒரு சிரிப்போடு சரி, பெயர்கூடக் கேட்டதில்லை. ‘கப் காணுமா பிள்ளை?’ என்றார். நான் பதில் சொல்ல முதலே ஒரு தட்டத்தில் டம்ளர்கள் மதிலுக்கு மேலால் வந்தன. பிறகு ஒரு கேத்தல் நிறையப் பிளேன்டீ. வடையைப் பாதி பாதியாகப் பிய்த்துக் கொடுத்தோம். அடுத்த வருசம் அவரே இரண்டு நாளுக்கு முதல் வந்து, ‘உங்கட மாதா எண்டைக்கு வாறா?’ என்று கேட்டார்.

சாப்பாட்டு விசயத்தில் என் கருத்து ஒன்று. சில அன்பியங்களில் ஒரு வீட்டில் ரோல்ஸ் கொடுத்தால் அடுத்த வீட்டில் கேக், அதற்கடுத்த வீட்டில் ஃபிரைட் ரைஸ் என்று போய், இல்லாதவர்கள் மாதாவைக் கூப்பிடவே கூச்சப்படும் நிலை வந்துவிட்டது. எங்கள் அன்பியத்தில் சண்டை பிடித்தே ஒரு முடிவு எடுத்தோம்: பிளேன்டீயும் ஏதாவது ஒரு கடியும், அவ்வளவுதான். உங்கள் அன்பியத்தில் எப்படியோ, நீங்கள் கணக்காகவே செய்யுங்கள். முதல் வருசமே தரத்தை உயர்த்திவிட்டால் பிறகு இறக்க முடியாது.

நவம்பர் 2 சகல ஆன்மாக்களின் நாள். அதற்கு முதல் ஒரு கிழமையாகச் சேமக்காலையில் புல் செருக்குவதும் கல்லறைக்கு வெள்ளை அடிப்பதும் நடக்கும். வாடைக்காற்றுக் காலம் தொடங்கிவிடும், அடித்த சுண்ணாம்பு அன்றிரவே மழையில் கரைந்து ஓடுவதும் உண்டு. எங்களுக்கு இங்கே யாரும் இல்லையே, ஏன் போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மாமியின் பின்னால் சும்மா போய் நின்றேன். ஒரு கிழவி தன் மெழுகுதிரிப் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து என் கையில் வைத்து, ‘ஆருமில்லாத கல்லறை ஒண்டில வை பிள்ளை’ என்றா. மூலையில் ஒரு இரும்புச் சிலுவை, பெயர்ப் பலகை கறள் பிடித்து எழுத்தெல்லாம் போயிருந்தது. காற்றுக்கு மூன்று தரம் அணைந்தது, ஒரு சிரட்டையைத் தேடி எடுத்து மறைத்து வைத்த பிறகுதான் நின்று எரிந்தது. இப்போதும் ஒவ்வொரு வருசமும் வீட்டு ஆட்களின் கல்லறைகளை முடித்துக்கொண்டு அங்கே போவேன். சிரட்டையை வீட்டிலிருந்தே கொண்டுபோகிறேன்.

டிசம்பர் மாதத்தை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே உங்களை இழுத்துக்கொள்ளும். கந்தோரில் கிறிஸ்தவர் என்று தெரிந்தால் கந்தோர் ஒளிவிழா (நத்தார் கலைவிழா) குழுவில் உங்கள் பெயர் இருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு ஒளிவிழா, மறைக்கல்வி வகுப்பில் இன்னொன்று, அன்பியத்தில் மற்றொன்று. சின்னவருக்கு இடையர் வேசம் கிடைத்தால் சாரத்தோடும் தலைத் துவாயோடும் சமாளிக்கலாம். பெரியவருக்கு வானதூதர் கிடைத்தால் செட்டை செய்ய வேண்டும், அதற்கு வெள்ளைக் காட்போட் மட்டைகள் மாதக் கடைசியில் கடைகளில் முடிந்துவிடும்.

பாலன் குடிலுக்கு நெல் முளைக்க வைப்பீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. இந்த ஊர் மான்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோட்டைக்குள் மட்டும் இல்லை, நகருக்குள்ளும் மாடு மாதிரி நடமாடும். ஒரு வருசம் இளையோர் ஒன்றியத்துப் பெடியங்கள் ஆறு தட்டில் நெல் முளைக்க வைத்து, பச்சைப் பசேலென்று வந்ததும் வெயில் படட்டும் என்று வெளியில் வைத்துவிட்டுப் போனார்கள். விடியப் பார்த்தால் தட்டில் மண் மட்டும்தான். அந்த வருசக் குடிலில் கடைக்காரப் பிளாஸ்டிக் புல்.

கரோல் என்பது இங்கே முழுக்க முழுக்க மழைக்குள் நடக்கும் விளையாட்டு. கீபோட்டைப் பொலித்தீனில் சுற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, மற்றவர்கள் குடையோடு நடந்து, வீடு வீடாகப் பாடி இரவு 11 மணி தாண்டும். நத்தார் தாத்தா வேசம் போடுகிறவர் முகமூடிக்குள் வியர்த்துச் செத்துவிடுவார், அதனால் வீதிக்கு ஒரு ஆள் மாற்றுவோம். பாடத் தெரியாவிட்டாலும் போங்கள். ஒரே இரவில் பங்கின் பாதி வீடுகளை உள்ளே போய்ப் பார்க்க வேறு வழி கிடையாது. வீட்டில் கேக் அடிக்கிறவர் என்றால் ரவையும் கஜுவும் நேரத்தோடு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பேக்கரிப் போறணையில் கொடுத்துச் சுட்டெடுப்பதானால் 20ஆம் திகதிக்குப் பிறகு இடம் கிடைப்பது கஷ்டம். தட்டில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டுக் கேக் ஒருமுறை வேறு வீட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்கு வந்ததோ அதைவிட நல்லது, அதனால் பேசாமல் இருந்துவிட்டோம்.

நள்ளிரவுப் பூசைக்குப் பெரிய பை கொண்டு போகாதீர்கள். 2019 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பெரிய நாள்களில் வாசலில் பாதுகாப்பும் சோதனையும் உண்டு. அடுத்த நாள் கொண்டாட்டம். ஆனால் 26 காலையில் ஊர் அமைதியாகிவிடும், அதை வெளியூரார் உடனே கவனிப்பார்கள். 2004இல் அந்த 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசையால் வந்து தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்த நேரம் கடல் வந்தது என்று மாமி சொல்லுவா, அதற்கு மேல் சொல்ல மாட்டா. அன்றைக்கு இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள், கடற்கரையில் மெழுகுதிரி எரியும். உங்கள் ஆட்கள் யாரும் இல்லை என்றாலும் அன்றைக்குப் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

31 இரவு நன்றி வழிபாடு. தைப்பொங்கலன்று கோயில் முற்றத்தில் பொங்கல் பானை ஏறும், அதில் அக்கம்பக்கத்துச் சைவ ஆட்கள் எங்கள் பெண்களுக்குப் பால் பொங்கும் பக்கம் பார்த்துச் சொல்லிக் கொடுப்பதும் நடக்கும். ஜனவரி 18 தொடக்கம் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம்; மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையாரோடு சேர்ந்து செபிப்பதற்கான நாள்கள். அவர்கள் ‘ஆராதனை’, ‘போதகர்’ என்பார்கள், நாங்கள் ‘பூசை’, ‘சுவாமி’ என்போம், பாடும்போது மட்டும் எல்லாரும் ஒன்று. தை முடிந்ததும் பெப்ரவரி 11 லூர்து மாதா திருநாள் வந்துவிடும், பாலையூற்று லூர்து மாதா கோயிலுக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தவக்காலத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், அது நீண்ட கதை.

பத்திர வேலை: பிள்ளைகள் இருவரினதும் ஞானஸ்நானப் பத்திரத்தையும், பெரியவர் முதல் நன்மை வாங்கியிருந்தால் அதையும் அட்டனிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் இருப்பது கண்டி மறைமாவட்டம், இது திருகோணமலை. 1893இல் தொடங்கியது, 1967இல் திருகோணமலை-மட்டக்களப்பு என்று பெயர் மாறியது, 2012இல் மட்டக்களப்பு தனியாகப் பிரிந்தது. பிரிந்தும் பழைய ஆட்களுக்கு இரண்டும் ஒன்றுதான். மட்டக்களப்புப் பக்கத்து ஆயித்தியமலை மாதா திருநாளுக்கு இங்கிருந்து பஸ் பிடித்துப் போவார்கள், எங்களைப் போன்ற மன்னார்க்காரர் ஓகஸ்ட் 15க்கு மடுவுக்கு ஓடுவோம்.

நல்லதை மட்டும் சொல்லி அனுப்பினால் பிறகு என்னைத் திட்டுவீர்கள். பூசை முடிவில் வாசிக்கும் அறிவித்தல்கள் சில நாள் பிரசங்கத்தைவிட நீளம். வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டால் காலையில் எழும்ப முதலே 30 ‘இனிய காலை’ வந்து கிடக்கும். கொடியேற்றத்துக்குக் கொடியை யார் பிடிப்பது, சுற்றுப்பிரகாரத்தில் சுருவக் கூட்டை எந்தத் தெரு ஆட்கள் தூக்குவது என்று வருசா வருசம் முறுகல் வரும். முதல் வருசத்தில் எந்தப் பக்கமும் சாயாதீர்கள். இரண்டு பக்கத்தாரும் தனித்தனியாக உங்களைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார்கள், இரண்டு இடத்திலும் குடியுங்கள்.

திருநாள் சனிக்கிழமைப் பின்னேரம் கோயிலடிக்குப் போய், ஒன்றும் கேட்காமல், அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கத் தொடங்குங்கள். ஞாயிறு பூசையில் 10 வருசம் இருந்தாலும் பெயர் தெரியாத ஆட்கள் உண்டு, கதிரை தூக்கின ஆளின் பெயரை எல்லாருக்கும் தெரியும். என் மனுசன் பாடமாட்டார், வாசிக்கமாட்டார், ஆனால் அவரைக் கேட்காமல் எங்கள் பங்கில் ஒரு பந்தலும் போடுவதில்லை.

எந்தக் கோயில் என்பது வீட்டைப் பொறுத்தது. நகருக்குள் என்றால் புனித மரியாள் பேராலயம், 1852ஆம் ஆண்டின் கட்டடம், வான நீல முகப்பு, தவறவிட மாட்டீர்கள். வீடு முடிவானதும் எந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள், பங்கைச் சொல்கிறேன். ஆளுக்கொரு குடை கொண்டு வாருங்கள். அட்டன்காரருக்கு மழை புதிதா என்று நினைக்காதீர்கள், அங்கே மழை மேலிருந்து விழும், இங்கே கடல் பக்கத்தால் அடிக்கும்.