ஔவையார் வாழ்வில் எது வரலாறு, எது கதை?

"அதியமான் நெல்லிக்கனி தந்தது, பகை மன்னன் தொண்டைமானிடம் தூது அனுப்பியது, முருகன் சுட்ட பழம் கேட்டது எல்லாம் ஒரே ஔவையாருக்கு நடந்தவையா?" என்பது கேள்வி.

இல்லை. சங்க ஔவையார் பாடியவை 59. அவற்றில் 33 புறநானூற்றில். ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர், மொழிநடையே காட்டிக்கொடுக்கும். முதலில் இருவரையும் பிரியுங்கள். பிரிக்காததால்தான் பெரும்பாலான குழப்பம்.

நெல்லிக்கனிக்குச் சான்று வலுவானது. புறம் 91-இல் அவரே அதியமானிடம், சாவு நீங்க எனக்குத் தந்தாயே என்கிறார். ஆனால் அதை உண்டு பல நூற்றாண்டு வாழ்ந்ததாகப் பாட்டில் இல்லை.

தூதுக் கதையில் கவனம் தேவை. புறம் 95 இரு தரப்புப் படைக்கலங்களை ஒப்பிடுகிறது, அவ்வளவே. தொண்டைமான் பெயரும் தூதும் பாட்டின் கீழுள்ள கொளுக் குறிப்பில்தான் வருகின்றன; அது பின்னர் சேர்க்கப்பட்டது. நம்பத்தகுந்த மரபு, ஆனால் அவர் வாக்கன்று. பாட்டையும் கொளுவையும் எப்போதும் தனித்தனியே படியுங்கள்.

அதியமான் கற்பனை அல்லர்: திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-இல் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 'அதியன் நெடுமான் அஞ்சி' என்றே சொல்கிறது.

சுட்ட பழம்? சங்கப் பாடல்களில் அதன் சுவடே இல்லை. கைத்தடி ஊன்றிய மூதாட்டி உருவமும் பிற்காலத்தது. புறம் 89-இல் பகை வேந்தன் அவரை ஒளிபொருந்திய நெற்றியுடைய விறலி (ஆடிப்பாடும் பெண்) என்றே அழைக்கிறான்.