பயிலரங்குக்கு எதைக் கொண்டுபோவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணிதக் கல்வியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இளம் ஆய்வாளர்களுக்கான பயிலரங்கில் எனக்கு 40 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 30 பேர் கொண்ட இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் தசம எண்களைப் புதிய முறையில் கற்பித்து, முன்தேர்வும் பின்தேர்வும் நடத்தினேன். 35 ஸ்லைடுகள் தயார். வேறென்ன வேண்டும்?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

ஸ்லைடுகளை ஐந்தாகக் குறையுங்கள். கருத்தரங்கில் முடிவைச் சொல்லலாம்; பயிலரங்குக்கு இன்னும் முடிவடையாத வேலையைத்தான் கொண்டுபோக வேண்டும். பத்து நிமிடம் பேசிவிட்டு மீதியை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அவர்கள் முதலில் கைவைக்கப்போவது உங்கள் ஆய்வு வடிவமைப்பில். ஒரு முறைக்கு ஒரே வகுப்பு என்பதால், வித்தியாசம் முறையால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா, அந்த வகுப்பின் இயல்பால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. 60 மாணவர்கள் என்று எழுதினாலும், ஒப்பிடக் கிடைப்பவை இரண்டே வகுப்புகள். இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை இதைச் சரிசெய்யாது. ‘புதிய முறை பலன் தந்ததா?’ என்ற கேள்வியை இந்தத் தரவு தாங்காது. ‘மாணவர்கள் தசமங்களை எப்படி ஒப்பிடுகிறார்கள், அது எங்கே மாறுகிறது?’ என்பதைத் தாங்கும்.

அதற்கு மதிப்பெண் அட்டவணை உதவாது, விடைத்தாள்கள்தான் வேண்டும். 0.125, 0.3 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 125 மூன்றைவிடப் பெரியது என்று நினைப்பவர் தவறுவார். ஆனால் ‘இலக்கம் குறைந்தால் எண் பெரியது’ என்று நம்புபவர் 0.3 என்று சரியாகவே எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். 0.45, 0.3 என்று கேட்டால்தான் அவர் அகப்படுவார். உங்கள் தேர்வில் இரண்டு வகையும் இருந்ததா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் பின்தேர்வில் ஏறிய மதிப்பெண்ணை நம்ப முடியாது.

பெயர் நீக்கிய ஐந்தாறு விடைத்தாள்களோடு, ஒரு நேர்காணலின் எழுத்துப்படி இரண்டு பக்கமும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் சிந்தனையை நீங்கள் பிரித்த வகைப்பாட்டைக் கொடுத்து, எந்த விடை எந்த வகை என்று இருவரைத் தனித்தனியே குறியிடச் சொல்லுங்கள். எத்தனை இடத்தில் ஒத்துப்போனார்கள் என்பதை அங்கே பெரிதாக எடுக்க வேண்டாம். இரண்டே வகை இருந்து, இருவரும் ஒன்றையே 90 சதவீத இடங்களில் குறித்தால் தற்செயலாகவே 82 சதவீதம் ஒத்துப்போகும். முரண்பட்ட வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கே வகையின் வரையறைதான் மங்கலாக இருக்கும்.

வகுப்பறைக் காணொளி காட்டுவதாக இருந்தால் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படியுங்கள். ஆய்வுக்குப் பயன்படுத்தப் பெற்றோர் தந்த அனுமதி, வெளியாருக்குக் காட்டுவதையும் உள்ளடக்கியிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த அனுமதி இல்லையென்றால் எழுத்துப்படியே போதும்.