சோலார் கூரை வேலை: தம்பிமார் கேட்டதும் நான் சொன்னதும்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில் வயர்மேனாகத் தொடங்கியவன் நான். இப்போது கூரை சோலார் வேலைகளில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறேன். பினாங்கில் இதே வேலையில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

அண்ணே, இன்வெர்ட்டரை ஆஃப் செய்துவிட்டால் பேனலில் கரண்டு இருக்காதுதானே? (பட்டர்வொர்த், வேலைக்குப் புதியவர்)

இருக்கும் தம்பி. இன்வெர்ட்டர் என்பது பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டிதான். வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேனல் ஓயாது. ஒரு பேனல் 40, 50 வோல்ட்தான். பத்தை வரிசையாக மாட்டினால் 400க்கு மேல் போய்விடும், அதுவும் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்டு. வீட்டு ஏசி கரண்டு வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்துக்கு வந்து போவதால் பொறி அணைய வழி உண்டு. டிசியில் அது கிடையாது. கரண்டு ஓடும்போது, பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கினால் நெருப்பு கூடவே இழுபட்டு வரும்.

முதலில் ஏசி பக்கத்தை ஆஃப் செய்யுங்கள், அப்புறம் டிசி ஐசோலேட்டர் என்ற துண்டிக்கும் சுவிட்ச், இரண்டுக்கும் பூட்டு. வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் கனெக்டரில் கை வைக்க வேண்டும். ஆண் முனை ஒரு பிராண்டு, பெண் முனை வேறு பிராண்டு என்றும் மாட்டாதீர்கள். 'கிளிக்' என்று உட்காரும், நன்றாகத்தான் தெரியும். அப்படி மாட்டிய ஒன்றைப் பிறகு கழற்றினேன். உள்ளே கருகி, பிளாஸ்டிக் மெழுகாய் வழிந்திருந்தது.

ரப்பர் கையுறை போதுமா?

பாத்திரம் கழுவும் கையுறை என்றால் போதாது. மின் வேலைக்கென்று வோல்ட் அளவு அச்சிட்டது வேண்டும். மாட்டுவதற்கு முன் காற்றடைத்து ஓட்டை பாருங்கள்.

ஹார்னஸ் போட்டிருக்கிறேன், ஒருமாடி வீட்டுக் கூரைதான். இனி பயமில்லையே? (பாயான் லெப்பாஸ்)

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹார்னஸ் என்பது உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை, அதன் கயிறு சுமார் 2 மீட்டர். விழும்போது கயிற்றில் உள்ள அதிர்ச்சி தாங்கி பிரிந்து இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். கொக்கிக்குக் கீழே உங்கள் உடம்பு வேறு தொங்கும். கூரை விளிம்போ தரையிலிருந்து 3 மீட்டர்தான். கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் தரைக்கு வந்துவிடுவீர்கள். தாழ்ந்த கூரையில், விளிம்பை எட்டவே முடியாதபடி கயிற்றைக் குட்டையாகக் கட்டுவதுதான் புத்தி.

தொழிற்சாலைக் கூரையில் எனக்கு விளிம்பைவிட, வெளிச்சத்துக்காக இடையிடையே போட்ட பிளாஸ்டிக் தகடுகள்தான் பயம். நாள்பட்டு அழுக்கேறி, பக்கத்துச் சிங்க் தகட்டின் நிறத்துக்கே வந்திருக்கும். மிதித்தால் நேராகக் கீழே இயந்திரத்தின் மேல்தான். மேலே ஏறுவதற்கு முன் கட்டடத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டு, மேலே பலகை போட்டு மூடுங்கள்.

மாலையில் இடி இடித்தாலும் முடித்துவிட்டு இறங்கு என்கிறாராம் சூப்பர்வைசர். என் வீட்டுக்காரர் மறுத்தால் வேலை போய்விடுமா? (பத்து காவான், ஒரு சகோதரி)

1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் அம்மா. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காகத் தண்டிக்கக் கூடாது. வீட்டுக்காரரை வாட்ஸ்அப்பில் எழுதிச் சொல்லச் சொல்லுங்கள், நேரத்தோடு பதிவாகும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார் என்று முதலில் கேட்கட்டும்.

சின்ன அடிக்கெல்லாம் சொக்சோவில் சொல்ல வேண்டுமா?

வேலையில் விபத்து என்றால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கிளினிக் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இடுப்பு வலி ஆறு மாதம் கழித்துத்தான் பேச ஆரம்பிக்கும்.