வீட்டுக் கடனின் காலத்தை நீட்டிக்கக் கேட்டால் வங்கியால் என்ன செய்ய முடியும்?

சம்பளம் குறைந்துவிட்டதால் வீட்டுக் கடனின் காலத்தை நீட்டித்துத் தர வங்கியிடம் கேட்கலாமா, கேட்டால் என்னென்ன வழிகள் உண்டு என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுத்துறை வங்கி ஒன்றின் கடன் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தவணை தவறுவதற்கு முன்பே கேளுங்கள், ஏனெனில் நாள் செல்லச் செல்ல வங்கிக்கே வழிகள் அடைபட்டுப் போகும்.

வட்டி ஏறியதால் சுமை கூடியிருந்தால் சிக்கல் குறைவு. மாறும் வட்டிக் கடன்களில் வட்டி திருத்தப்படும்போது, தவணைத் தொகையை உயர்த்துவதா, காலத்தை நீட்டிப்பதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. மாதத் தவணை அந்த மாத வட்டியையாவது ஈடுகட்ட வேண்டும்.

வருமானம் குறைந்ததற்காக நீட்டிப்பது வேறு விஷயம். கடனாளியின் பண நெருக்கடியை முன்னிட்டுத் தரும் நீட்டிப்பு மறுசீரமைப்பாகக் கருதப்படும். அதுவரை ஒழுங்காக நடந்த கணக்கும் வாராக்கடன் வகைக்கு இறக்கப்படும், கடன் திரும்பாமல் போனால் ஈடுகட்ட வங்கி அதற்குக் கூடுதல் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் அது பதிவாகும். கிளை மேலாளர்கள் தயங்குவது இதனால்தான். 2020 ஆகஸ்டில் கொரோனாவுக்காக வந்த திட்டம் தரமிறக்காமலேயே 2 ஆண்டுகள் வரை நீட்டிக்க இடம் கொடுத்தது. அது அக்காலத்துச் சலுகை.

ஆகவே முதலில் வட்டியைக் குறைத்துத் தரும்படி கேளுங்கள். கையில் சேமிப்பு இருந்தால் ஒரு பகுதியை அசலில் கட்டி, தவணையைக் குறைக்கச் சொல்லுங்கள். சம்பாதிக்கும் மனைவியையோ மகனையோ இணைக் கடனாளியாகச் சேர்த்து, நீண்ட காலம் தரும் வேறு வங்கிக்குக் கடனை மாற்றவும் முயலலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் கிடையாது. ஆனால் கணக்கில் பாக்கி விழுந்த பிறகு எந்த வங்கியும் எளிதில் ஏற்காது.

நீட்டிப்பின் விலையையும் பாருங்கள். 9 சதவீத வட்டியில் 25 லட்சத்தை 15 ஆண்டுகளில் கட்டினால் தவணை சுமார் 25,360 ரூபாய். 20 ஆண்டுகள் என்றால் 22,490. மாதம் 2,870 ரூபாய் குறைவதற்காக மொத்த வட்டி 8 லட்சத்துக்கு மேல் கூடுகிறது. வேறு வழியே இல்லாதவர் இதை ஏற்கலாம், தவறில்லை.

பாக்கி 90 நாட்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகி, அடமான வீட்டை நீதிமன்ற வழக்கின்றியே வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, கடனைக் கட்ட 60 நாள் அவகாசத்துடன் அறிவிப்பு வரலாம். அப்போதும் வாய்மூடி இருக்காதீர்கள்: ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தால், அதை ஏற்காவிட்டால் 15 நாட்களுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வங்கி கடமைப்பட்டது.